இடக்கிளை எந்தப் பக்கம்

ஓர்லீனா கிளைன் இருபத்தேழு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். லாரல் ஓடை என்கிற எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் அவள் வண்டியில் ஏறாமல் படித்து முடித்ததில்லை. எவன் எந்த இருக்கையில் வாந்தி எடுத்தான், எவள் யார் தலையில் சூயிங்கத்தை ஒட்டினாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே போலீஸ்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் அவளிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்கு அவள் மிஸ் ஓர்லீனா. அவளுக்கு அவர்கள் எல்லாருமே கண்ணு.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தாறு வயதில் சமுதாயக் கல்லூரியில் புவியியலும் நிலப்படம் வரைவதும் படிக்கச் சேர்ந்தபோது ஓடை முழுக்க அதே பேச்சுதான். முதல் கிண்டல் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவள் புருஷன் ஹோபர்ட் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தேழு வருஷமா பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தே. இப்பத்தான் உள்ள போகணும்னு தோணிச்சாக்கும்?"

"நீ வாயை மூடிக்கிட்டு மூச்சை மிச்சம் பிடி," என்றாள் ஓர்லீனா.

அவள் சேர்ந்ததே அந்த மூச்சுக்காகத்தான். ஹோபர்ட் முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்கக் கரித்தூசி. முந்தைய குளிர்காலத்தில் ஒரு காலை அவருக்கு மூச்சு நின்றுவிடும்போல ஆகி, ஓர்லீனா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எங்கள் வீடுகளுக்கு அப்போது எண் கிடையாது, சாலைகளுக்குப் பலகை கிடையாது. வழி சொல்வதென்றால் எரிந்துபோன கடை இருந்த இடத்தில் திரும்பி, வான்ஸ் வீட்டு நீல வண்டி நிற்கிற இடத்துக்கு முன்னால் நில் என்றுதான் சொல்வோம். கடை எரிந்து பதினெட்டு வருஷம். நீல வண்டியை விற்றும் ஆயிற்று. புதிதாக வந்த ஆம்புலன்ஸ்காரன் இல்லாத கடையையும் இல்லாத வண்டியையும் தேடிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினான். வந்து சேர்ந்தபோது ஹோபர்ட்டின் உதடு நீலமாகியிருந்தது. பிழைத்தார். ஆனால் டாக்டர் ஓர்லீனாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தடவை இவருக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில்தான் கல்லூரி அறிவிப்பு வந்தது. மாவட்டம் முழுக்க வீட்டு எண் கொடுக்கப் போகிறார்கள். நிலப்படப் பாடம் எடுக்கிற மாணவர்கள் ஆளுக்கொரு ஓடையை அளந்து படம் வரைந்து கொடுத்தால், அதைத்தான் ஆம்புலன்ஸ் அலுவலகம் வைத்துக்கொள்ளும். ஓர்லீனா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பேருந்தை நிறுத்திய கையோடு போய்ப் பெயர் கொடுத்தாள்.

செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. பாடம் எடுத்தவள் மிஸ் கெஸ்லர், முப்பத்தோரு வயது, ஒஹாயோவின் தட்டையான சமவெளியில் பிறந்தவள். கெட்டிக்காரி, நல்ல பெண். மலையைப் புத்தகத்தில் நிறையப் பார்த்திருந்தாள். முதல் வாரம் அவள் எங்கள் மலைகளின் சமஉயரக் கோடுகள் போட்ட தாளை எல்லாருக்கும் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்தார்கள். ஓர்லீனா கோடுகள் நெருங்கி ஏற்றம் செங்குத்தாகிற ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ரெண்டாவது கியர் போடணும், கண்ணு. பனி பெஞ்சிருந்தா முதல் கியர்."

மிஸ் கெஸ்லர் அவள் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொரு இடம் காட்டுங்க," என்றாள். ஓர்லீனா பதினோரு இடம் காட்டினாள். பதினொன்றும் சரி.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஓடையில் அவள் சொந்த வண்டி நிற்காத வளைவு இல்லை. தூரம் காட்டும் கருவியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நாற்பத்து மூன்று வீடு. வீடு இருக்கிற இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருந்தால் அவளுக்கும் மதிப்பெண் வந்திருக்கும். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. எந்த மரப்பாலம் ஆம்புலன்ஸ் எடையைத் தாங்கும், எது தாங்காது, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் மாடியில் படுத்திருக்கிறார், எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமல் கடிக்கும், எல்லாம் எழுதினாள். போன வீட்டிலெல்லாம் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அந்த டிசம்பரில் அவளுக்குக் கோட்டுப் பொத்தான் போட முடியவில்லை.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லாரல் ஓடைக்கு ஒரே வாசல்தான். ஓடை வந்து பெரிய சாலையில் முட்டுகிற அந்தக் கீழ்முனை. அங்கிருந்து மூன்று மைல் மேலே போனால் ஓடை இரண்டாகப் பிரியும். இடக்கிளை, வலக்கிளை. நடுவில் செங்குத்தான மலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வழியே கிடையாது, மறுபடி கீழே இறங்கி வந்துதான் ஏற வேண்டும். வேலைக்குப் போனவனும் சந்தைக்குப் போனவனும் சவப்பெட்டியும் எல்லாம் கீழ்முனை வழியாகத்தான் மேலே வரவேண்டும். அதனால் எங்களுக்கு முகம் எப்போதும் மேலேதான். மேலே பார்த்து நின்றால் இடது கை பக்கம் இருப்பது இடக்கிளை. வேறு மாதிரியும் நிற்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கல்லூரிப் புத்தகத்தில் ஆறு மேலே பிறந்து கீழே ஓடுகிறது. தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றுதான் இடக்கரை, வலக்கரை சொல்ல வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஓர்லீனா அந்தப் பக்கத்தைப் படித்தாள், தேர்வில் சரியாகவும் எழுதினாள். அவள் கொடுத்த முதல் படம் திரும்பி வந்தபோது, இரண்டு கிளைகளின் பெயருக்குப் பக்கத்தில் மிஸ் கெஸ்லர் பென்சிலால் எழுதியிருந்தாள்: "இடது, வலது: நீரோட்டத் திசையைப் பார்த்தா?"

அவ்வளவுதான். ஒரு கேள்விக்குறி. எழுந்துபோய், இல்லை கண்ணு, நாங்கள் மேலே பார்த்துச் சொல்கிறவர்கள் என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஓர்லீனா போகவில்லை. முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், பனிச்சரிவில் நாற்பதடி வண்டியைப் பின்னால் எடுக்கிறவள், ஒரு பென்சில் எழுத்துக்குப் பயந்துபோனாள். பத்தாவதோடு நின்றவளுக்கு வகுப்பறை என்றாலே உள்ளங்கை வேர்க்கும். புத்தகம் சொல்வதுதான் சரியாக இருக்கும், நாங்கள்தான் இத்தனை தலைமுறையாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். சமையலறை மேசையில் வைத்து இரண்டு பெயரையும் அழித்து, மாற்றி எழுதினாள்.

ஹோபர்ட் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நம்ம வீடு வலக்கிளைக்கு எப்ப குடிபோச்சு?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் எந்தப் பக்கம் நின்னானாம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது ஹோபர்ட், பேசாம இரு."

படத்துக்கு ஏ கிரேடு கிடைத்தது. "மிக நேர்த்தி" என்று மேலே எழுதியிருந்தது. அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் ஏ. பிரதியை மடிக்காமல் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டாள். அதில் தப்பில்லை. ஐம்பத்தாறு வருஷம் காத்திருந்து வாங்கியது.

பிப்ரவரியில் ஆம்புலன்ஸ்காரர்கள் புதுப் படத்தை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்றதும் ஹோபர்ட் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் நான்தான் என்றார். குறித்த நேரத்துக்குப் போன் செய்து, "இடக்கிளை, கிளைன் வீடு," என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தோடு முன்வாசலில் போர்வை போர்த்தி உட்கார்ந்தார். ஓர்லீனா அன்று காலை ஓட்டம் முடிந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மலைக்கு அந்தப் பக்கம், வலக்கிளையில், சைரன் மெலிதாகக் கேட்டது. அது ஏறிக்கொண்டே போனது. என்ன நடந்தது என்று ஓர்லீனாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. போனில் சொன்ன பெயரைப் படத்தில் பார்த்தார்கள், படம் காட்டிய பக்கம் போய்விட்டார்கள்.

நாற்பத்தோராவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி ஓடிவந்தான்.

"நான் செத்து இருபத்தோரு நிமிஷம் ஆச்சு, தம்பி," என்றார் ஹோபர்ட். "காப்பி குடிக்கிறியா?"

டிரைவர் சிரித்தான். ஹோபர்ட்டும் சிரித்து, இருமினார். படம் ஏன் தப்பாயிற்று என்று அவன் கேட்டபோது, தெரியலையே என்று சொல்லிவிட்டார். பொண்டாட்டியைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவன் போனபிறகு குளிர்பெட்டிக் கதவை மட்டும் ஒரு தடவை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் ஓர்லீனா திருப்பித் திட்டியிருப்பாள். திட்டாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குமுன்பே அவள் மிஸ் கெஸ்லரின் மேசைக்கு முன்னால் போய் நின்று நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"ஐயோ, மிஸ் ஓர்லீனா, நான் கேள்விதானே கேட்டேன்? மாத்துங்கன்னு சொல்லலையே. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்."

"அது எனக்கு இப்பத் தெரியுது, கண்ணு. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல டீச்சர் கேள்வி கேட்டா, நீ எழுதினது தப்புன்னு அர்த்தம். கேள்வியும் கேள்வியா இருக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

"ஆத்துக் கரைக்குத்தான் அந்த விதி. ஊர்க்காரங்க வெச்ச பேருக்கு எந்த விதியும் இல்ல. அதைச் சரியாச் சொல்லித் தராதது என் தப்பு."

"அழிச்சது என் கை," என்றாள் ஓர்லீனா. "முதல்ல படத்தைத் திருத்துவோம்."

திருத்துவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தில் எண் கொடுக்கும் வேலையைப் பார்த்தவர் லாயல் ஸ்பர்லாக். ஒழுங்கான மனிதர், காகிதத்தில் ஒரு முறை ஏறியதை இறக்க மனசு வராதவர். படம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, தலைநகருக்குப் போய் முத்திரை வாங்கிவிட்டது, பச்சைப் பலகைகள் அடித்து வந்துவிட்டன. அதனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. படத்தை ஏன் மாற்ற வேண்டும்? மக்கள் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டால் போகிறது. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் கடிதம் அனுப்பிவிடலாம். முதல் தேதியிலிருந்து இடக்கிளை வலக்கிளை, வலக்கிளை இடக்கிளை. மூளை என்று ஒன்று இருந்தால் அது அலுவலகக் கோப்புக்குள் எப்படி நசுங்கிப் போகும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் ஓடையிலிருந்து வரமுடிந்த எல்லாரும் வந்திருந்தோம். மேசைக்குப் பின்னால் மாவட்ட மன்ற உறுப்பினர்கள் மூன்று பேர், ஓரத்தில் லாயல். அவர் தன் யோசனையைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் தலையைக் குனிந்தோம். எங்கள் ஆட்கள் கோபம் வந்தால் தரையைப் பார்ப்பார்கள்.

ஓர்லீனா எழுந்தாள். பேருந்து ஓட்டும்போது போடுகிற அதே கோட்டு.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் படம் தப்பானது கல்லூரியால இல்ல, டீச்சரால இல்ல, கம்ப்யூட்டராலயும் இல்ல. நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். அப்புறம் நல்ல மார்க் வேணும்னு பயந்து நானே அழிச்சு மாத்தினேன். தப்புன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு, கேக்கல."

அறையில் இருந்த பாதிப்பேர் அவள் ஏற்றி இறக்கிய பிள்ளைகள். அவர்கள் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

"மிஸ் ஓர்லீனா, யாரும் உங்களைக் குத்தம் சொல்லல," என்றார் லாயல். "பேரைத்தான மாத்திக்கச் சொல்றோம். ரெண்டே வார்த்தை. நாலு நாள்ல பழகிடும்."

"லாயல் கண்ணு, மூணாம் வகுப்புல நீ வேற வீட்டுக்குக் குடிபோனே. ஞாபகம் இருக்கா? ரெண்டு மாசம் தினமும் பழைய வீட்டு வாசல்ல வந்ததும் இறங்கணும்னு எழுந்து நின்னே. அப்ப உனக்கு மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு."

சிரிப்பு எழுந்தது. லாயலும் காது சிவக்கச் சிரித்துவிட்டார். ஓர்லீனா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுறதை நான் பார்த்திருக்கேன். அப்ப அவருக்குப் புதுப் பேரு ஞாபகம் வராது. கடுதாசி ஞாபகம் வராது. நம்பர் ஞாபகம் வராது. அந்த நேரத்துல மனுசன் வாயில ஒரு வார்த்தைதான் வரும். அது அவங்க அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தையாத்தான் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு ஆம்புலன்ஸ் சரியான பக்கம் திரும்பணும். அதுக்குத்தான் நான் படிக்கப் போனேன். படிச்சுட்டு வந்து நானே அதைக் கெடுத்தேன். திருத்த விடுங்க."

அவள் உட்கார்ந்ததும் மிஸ் கெஸ்லர் எழுந்தாள். படத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறது, திருத்தும்வரை அந்தப் பெயரைப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்றாள். மூன்று உறுப்பினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லாயல், தலைநகருக்கு இன்னொரு தபால் போடு," என்றார்.

வகுப்பில் ஏ என்னவாயிற்று என்று கேட்கலாம். ஓர்லீனாவே அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். மிஸ் கெஸ்லர் முதலில் மறுத்து, பிறகு யோசித்து, பி என்று திருத்திக் கொடுத்தாள். கண்ணால் பார்த்ததைப் பயத்தால் மாற்றியதற்கு என்று காரணமும் எழுதினாள். குளிர்பெட்டிக் கதவில் இப்போது அந்தத் தாள்தான் இருக்கிறது. மற்ற ஓடைகளை அளக்கிற மாணவர்கள் எடுத்துப்போகும் படிவத்தின் முதல் கேள்வியும் மாறியது. இந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்று வழி சொல்கிறார்கள்? ஓர்லீனா அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டிச் சேர்ந்தாள்.

அக்டோபரில் ஒரு பிற்பகல். பதினோரு பிள்ளைகளோடு அவள் கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் சைரன் கேட்டது. வண்டியை ஓரம் கட்டினாள். ஆம்புலன்ஸ் அவளைத் தாண்டிப் போய், பிரிவில் கொஞ்சமும் தயங்காமல், இடது பக்கம் திரும்பி மறைந்தது.

இடக்கிளையில் இருபத்து நான்கு வீடு இருக்கிறது. யார் வீட்டுக்கு என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. பின்னால் இருந்து ஒரு பெண்பிள்ளை, "மிஸ் ஓர்லீனா, போகலாமா?" என்று கேட்டாள். அவள் கியரைப் போட்டாள். முதலில் வலக்கிளைப் பிள்ளைகளைத்தான் இறக்க வேண்டும், அதுதான் ஓட்டத்தின் வரிசை. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, பிள்ளை கதவைத் திறந்து உள்ளே போகும்வரை பார்த்துவிட்டு நகர்ந்தாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

கடைசிப் பிள்ளையை இடக்கிளையில் இறக்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது, நாற்காலி காலியாக இருந்தது. மேசைமேல் டிரைவர் கிறுக்கிய சீட்டு: "உயிரோட இருக்காரு. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மூன்றாம் நாள் ஹோபர்ட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காப்பியைத் திட்டத் தொடங்கியிருந்தார். அவசர அழைப்புகளை எடுக்கிற கிரிஸ்டல், வேலை முடிந்து, அவருக்குப் பிடித்த, இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டியைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தாள். அவளும் ஓர்லீனா வண்டியில் வளர்ந்தவள்தான், வலக்கிளைக்காரி.

"பன்னெண்டு நிமிஷத்துல வந்துட்டாங்க, மிஸ் ஓர்லீனா. நான் எழுதி வெச்சிருக்கேன்."

"நானா போன் பண்ணினேன்?" என்றார் ஹோபர்ட். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. என்ன சொன்னேன்?"

"பேரு கேட்டேன், வரல. வீட்டு நம்பர் கேட்டேன், அதுவும் வரல. போனைக் கீழ போட்டுட்டீங்களோன்னு நினைச்சேன். அப்புறம் 'இடக்கிளை'ன்னீங்க. அதோட சரி, மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு. அது யாரு மூச்சுன்னு எனக்குத் தெரியாதா? வண்டியை அனுப்பிட்டேன்."

ஓர்லீனா ரொட்டிப் பையை அவர் மடியில் வைத்துவிட்டு, காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் நடைவழியில் நின்று வாய்விட்டு அழுதது உள்ளே இரண்டு பேருக்கும் கேட்டது.